கதையில் வில்லனைச் சரியாகத் தோற்கடிப்பது எப்படி

அப்பாவை இழந்த ஒரு பெண்ணை அவளுடைய சித்தப்பா கடத்திக்கொண்டு போய், பழைய அரிசி ஆலையில் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்போடுகிறார். ஒரு வெற்றுத்தாளை நீட்டி, "கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் உன் அம்மாவை உயிரோடு பார்க்க மாட்டாய்" என்கிறார். அவள் மறுக்கிறாள். உடனே சித்தப்பா, அவளுடைய அப்பாவை எப்படிக் கொன்றார், நிலத்தை யாருக்கு விற்கப் போகிறார், பணத்தை எங்கே பதுக்கியிருக்கிறார் என்று ஒன்று விடாமல் சொல்லி முடிக்கிறார். அப்புறம் ஒரே ஒரு அடியாளைக் காவலுக்கு வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார். அடியாள் தூங்கிவிடுகிறான்.

நான் அம்பாசமுத்திரத்தில் பத்திர எழுத்தராக இருக்கிறேன். பகலில் கிரயம், தானம், பாகப்பிரிவினை எழுதுகிறேன். ராத்திரி கதை எழுதுகிறேன். எழுதிப் பழகுகிற தம்பி தங்கைகள் சிலர் தங்கள் கதைகளை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். மேலே சொன்னது வீரவநல்லூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் எழுதிய கதை. நல்ல மொழி அவனுக்கு; வாய்க்கால் கரையும் நடவும் கண்ணில் தெரியும்படி எழுதுகிறான். ஆனால் சித்தப்பா வாயைத் திறந்ததும் கதை செத்துப்போகிறது.

ஏன் என்றால், முட்டாளை ஜெயித்த பெண்ணை யாரும் கொண்டாட மாட்டார்கள். வில்லன் எவ்வளவு யோசித்துக் காரியம் செய்கிறானோ அவ்வளவுதான் கதாநாயகியின் உயரமும். அதிலும் எங்கள் பக்கத்து வாசகர்கள் தாலுகா ஆபீசிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கால்கடுக்க நின்றவர்கள், பங்காளிச் சண்டையைத் தெருவிலேயே பார்த்து வளர்ந்தவர்கள். சொத்துக்கு ஆசைப்படுகிறவன் என்னவெல்லாம் செய்வான் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களிடம் வெற்றுத்தாளை நீட்டினால் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அந்தத் தம்பியோடு உட்கார்ந்து அந்தக் கதையை எப்படிச் சரிசெய்தோம் என்பதையே இங்கே வழிமுறையாகச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: வில்லனுக்குத் தேவை என்ன?

"நிலம் வேணும் அக்கா" என்றான் தம்பி. அது போதாது. நிலம் அவர் கைக்கு வர எந்தக் காகிதம் வேண்டும், அதில் யார் கையெழுத்து வேண்டும், அது எந்த மேசையில் நடக்கும் என்று கேட்க வேண்டும்.

வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்தால் நிலம் மாறாது. கிரயமோ தானமோ, பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரமோ, 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவாக வேண்டும். எழுதிக் கொடுக்கிறவர் சார்பதிவாளர் முன்னால் வந்து நிற்க வேண்டும். அவரைப் புகைப்படம் எடுப்பார்கள், விரல்ரேகை வாங்குவார்கள், அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், அடையாளம் காட்ட ஆட்கள் இருப்பார்கள். "நீங்கதான் எழுதிக் குடுக்கீங்களா?" என்று கேட்கும்போது அந்தப் பெண் "நான் எழுதிக் கொடுக்கவில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதிவு நின்றுவிடும். அப்படியானால் அரிசி ஆலை, கயிறு, கத்தி எல்லாம் எதற்கு? முகத்தில் காயத்தோடு ஒரு பெண்ணைப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற அலுவலகத்துக்கு எந்தச் சித்தப்பாவாவது கூட்டிக்கொண்டு வருவாரா?

இன்னொன்று. கையெழுத்தான பத்திரத்தை வருஷக்கணக்கில் பீரோவில் ஒளித்துவைத்திருந்து, கடைசி அத்தியாயத்தில் வெளியே எடுக்கிற வில்லன்கள் நிறைய வருகிறார்கள். எழுதிக் கையெழுத்தான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி. உயிலுக்கு மட்டும் அந்தக் கெடு கிடையாது.

சொத்துக் கதை எழுதுகிறவர்கள் ஒரு தடவை சார்பதிவாளர் அலுவலக வாசலில் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். யாரும் யாரையும் அடிக்க மாட்டார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே தம்ளர் காபியை ஆற்றிக் குடிப்பார்கள். கையெழுத்துப் போட வந்த அக்காவுக்குத் தம்பி பெஞ்சில் இடம் பிடித்துக் கொடுப்பான். ஏமாற்று நடந்தாலும் அந்தப் பிரியத்துக்குள்ளேதான் நடக்கும். அதைப் பார்த்தவர்கள் அரிசி ஆலைக் காட்சியை எழுத மாட்டார்கள்.

ஆச்சி எங்கே?

"நிலம் யார் பேரில் இருக்கு?" என்று கேட்டேன். அப்பா பேரில் என்றான். அப்பா உயில் எழுதாமல் இறந்துபோயிருந்தால் 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமல்ல, அப்பாவைப் பெற்ற தாய்க்கும் சரிபங்கு உண்டு. தம்பியின் கதையில் ஒரு ஆச்சி இருந்தாள். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பதைத் தவிர அவளுக்கு வேலையே கிடையாது. அவளுக்கு மூன்றில் ஒரு பங்கு வரும் என்பது சித்தப்பாவுக்கும் தெரியவில்லை, எழுதியவனுக்கும் தெரியவில்லை.

வில்லன் செய்கிற முட்டாள்தனங்களில் பாதி இப்படித்தான் வருகிறது. எழுதுகிறவருக்குத் தெரியாதது வில்லனுக்கும் தெரியாமல் போகிறது. காட்சியில் யார் கண்ணுக்கே படாமல் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்கு என்ன உரிமை, என்ன தெரியும், யாரோடு பேசுவார்கள் என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள். கதை அங்கேதான் இருக்கும். நாங்கள் நிலத்தையே ஆச்சி பேருக்கு மாற்றினோம். சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் 2 ஏக்கர் நஞ்சை. ஆச்சியின் அப்பா அவளுக்குச் சீராகக் கொடுத்தது. ஆச்சிக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் இல்லை, அவருடைய ஒரே மகள்தான் நம் கதாநாயகி, சென்னையில் வேலை பார்க்கிறாள். இளையவர் சித்தப்பா. ஆச்சி உயில் எழுதாமல் கண்ணை மூடினால் பாதி சித்தப்பாவுக்கு, பாதி பேத்திக்கு.

இப்போது சித்தப்பாவுக்கு மூளை கொடுக்கலாம். அவர் யாரையும் கடத்த மாட்டார். ஆச்சியின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த கையோடு, ஊருக்கு வந்திருக்கிற அண்ணன் மகளிடம் இப்படிப் பேசுவார்:

"ஏட்டி, நீ மெட்ராசுல கெடந்து கஷ்டப்படுதே. இங்க தீர்வை கட்டணும், பட்டா மாத்தணும், வாய்க்கா வேலைக்கு ஆள் போடணும். ஒவ்வொண்ணுக்கும் நீ லீவு போட்டுட்டு வர முடியுமா? ஒரு பவர் மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போ. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

"சரி சித்தப்பா, நீங்க சொன்னா சரிதான்."

பவர் என்றால் அவளுக்குப் பதிலாக அவரே கையெழுத்துப் போட அதிகாரம் தருகிற பத்திரம்; நிலத்தை விற்கிற அதிகாரத்தையும் அதில் எழுதிவிடலாம். இந்தச் சித்தப்பா எனக்குப் பயம் தருகிறார். அவர் சொல்வதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. அவள் சிரித்த முகத்தோடு வந்து புகைப்படத்துக்கு நிற்பாள், விரலை வைப்பாள், ஊருக்குப் பஸ் ஏறுவாள். கதாநாயகி வில்லனை நம்பக் காரணம் இருந்தால்தான் வாசகருக்கு வயிறு கலங்கும்.

தெரிந்ததும் தெரியாததும்

அடுத்து ஒரு தாளை நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் வில்லனுக்குத் தெரிந்தவை. வலப்பக்கம் அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தெரிந்துகொள்ள வழியில்லாதவை. இடப்பக்கத்தில் இருப்பதை வைத்து அவர் எடுக்கிற ஒவ்வொரு முடிவும் சரியாக இருக்க வேண்டும். அவர் கவிழ்வது வலப்பக்கத்தில் இருக்கிற ஒன்றால்தான் இருக்க வேண்டும்.

சித்தப்பா ஜாக்கிரதையானவர். நிலத்தை விற்க அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறார். அடமானம் இல்லை, கிரயம் இல்லை, தானம் இல்லை, சுத்தமாக இருக்கிறது. அவர் இடத்தில் யார் இருந்தாலும் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஆனால் உயில் வில்லங்கச் சான்றில் வராது. கிரயமும் அடமானமும் பதிவு அலுவலகத்தின் 1-ம் புத்தகத்தில் ஏறும், அதிலிருந்துதான் வில்லங்கம் பார்த்துக் கொடுப்பார்கள். உயில் ஏறுவது 3-ம் புத்தகத்தில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர வேறு யாருக்கும் அதன் நகல் தர மாட்டார்கள். ஆச்சி நிலம் முழுவதையும் பேத்திக்கு உயில் எழுதிப் பதிந்துவைத்திருக்கிறாள். சித்தப்பா செய்த பரிசோதனை சரியானது. அந்த உயில் அதில் அகப்படாது, அவ்வளவுதான்.

உயிலை வில்லன் தீயில் போடுகிற காட்சி எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை. வெள்ளைத்தாளில் எழுதி, எழுதி வைக்கிறவரும் 2 சாட்சிகளும் கையெழுத்துப் போட்டால் போதும். பதிந்த உயிலை எரிப்பது வீண் வேலை, அலுவலகத்தில் அதன் பதிவு இருக்கும். பதியாத உயிலை எரித்தால் தலைவலி உண்மையானது. ஆகவே எரிக்கத்தான் வேண்டும் என்றால் பதியாத உயிலை எரிய விடுங்கள்.

தவறு குணத்திலிருந்து வரட்டும்

வில்லன் தவறே செய்யக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தவறு செய்யாதவன் மனுஷன் இல்லை. எந்தத் தவறை அவனால் செய்யாமல் இருக்கவே முடியாதோ, அதைச் செய்ய வையுங்கள்.

இதற்கு எனக்குத் தெரிந்த பெரிய உதாரணம் திருச்செந்தூரில் இருக்கிறது. ஐப்பசி சஷ்டி அன்றைக்குக் கடற்கரையில் நிற்கிற கூட்டம் முடிவு என்னவென்று தெரிந்துதான் நிற்கிறது. ஆனைமுகமும் சிங்கமுகமும் மாறி மாறி வர, ஒவ்வொரு தலை விழும்போதும் குலவைச் சத்தம் எழும்புகிறது. சூரபத்மன் முட்டாளாக இருந்தால் இத்தனை தலைமுறை அந்த மணலில் போய் நின்றிருக்குமா? அவன் தவம் செய்து வரம் வாங்கியவன். சிவனுடைய சக்தியைத் தவிர வேறெதுவும் தன்னைக் கொல்லக் கூடாது என்று யோசித்துத்தான் கேட்டான். முருகனுடைய தூதனாக வீரபாகு வந்து தேவர்களைச் சிறைவிடு என்றபோது அவனுக்குத் திரும்பிப் போக ஒரு வழி இருந்தது. தம்பி சிங்கமுகனே விட்டுவிடு என்று சொல்லிப் பார்த்தான். கேட்கவில்லை, சின்னப் பிள்ளைக்குப் பயப்படுவதா என்கிறான். கடைசியில் முருகன் பேருருவம் காட்டும்போது அவன் மனம் ஒரு கணம் கரைகிறது, கைகூப்ப வேண்டும் என்றுகூடத் தோன்றுகிறது. அடுத்த கணமே மானம் வந்து குறுக்கே நிற்கிறது.

அந்த ஒரு கணத்தை எழுதத் தெரிந்தால் போதும். அவனுக்கு எல்லாம் தெரியும். வளைய மட்டும் முடியவில்லை. சிங்கமுகனையும் கவனியுங்கள். அண்ணன் செய்வது தப்பு என்று தெரிந்தும், சொல்லிப் பார்த்துவிட்டு, அவனுக்காகவே சண்டைக்குப் போய்ச் சாகிறான். நம் கதைகளில் வில்லனின் கூட்டாளிகள் இப்படி இருப்பதே இல்லை. வேலையில் ஒரு தடவை தவறினால் வில்லன் தன் ஆளையே சுட்டுப்போடுகிறான். எங்கள் ஊரில் அந்த ஆள் யாருக்காவது மச்சானாகவோ மருமகனாகவோ இருப்பான். மறுநாள் காலையில் சொந்தக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஆள் வைத்துக் காரியம் நடத்துகிறவர்கள் அந்த ஆட்களின் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறார்கள், ஆஸ்பத்திரிச் செலவு பார்க்கிறார்கள், இழவு வீட்டில் முதல் ஆளாக வந்து நிற்கிறார்கள். விசுவாசம் அப்படித்தான் கிடைக்கிறது.

சரி, நம் சித்தப்பாவின் குணம் என்ன? காகிதத்தைப் பார்ப்பார், மனிதரைப் பார்க்க மாட்டார். அதிலும் பெற்ற தாயை அவர் ஏறிட்டுப் பார்த்தே வருஷங்கள் ஆகின்றன. இதை வரியாக எழுதாமல் காட்சியாக எழுதச் சொன்னேன். ஆச்சி இறப்பதற்கு நிறையப் பக்கங்களுக்கு முன்னால் அது வருகிறது. கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிப் பக்கத்து வீட்டு மதினியோடு அம்பாசமுத்திரத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள் ஆச்சி. வெயிலில் வந்த மகனுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுகிறாள். இடது பெருவிரலில் ஊதா மை, ரேகைக்குள் இறங்கி, தேய்த்துக் கழுவியும் போகாமல் இருக்கிறது. சித்தப்பா போனில் பேசிக்கொண்டே செம்பை வாங்கி அண்ணாந்து குடிக்கிறார். திண்ணையில் வைக்கிறார். "கண்ணு எப்படி இருக்கு?" என்றுகூடக் கேட்கவில்லை. கைநாட்டு வைத்த விரலை வாசகர் பார்த்துவிட்டார். மையைப் பற்றி அதற்கு மேல் கதையில் ஒரு சொல்லும் வரக் கூடாது என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவனுக்கு, வாசகர் மறந்துவிடுவாரோ என்று பயம். மறந்தாலும் பரவாயில்லை, உயில் வெளிவரும்போது தானாகவே திரும்பிப் போய்ப் பார்ப்பார்கள்.

வில்லன் திட்டத்தை வாயால் சொல்லும் காட்சி

இது எழுதுகிறவரின் அவசரத்தால் வருவது. வாசகருக்கு விவரம் சொல்ல வேண்டும், வேறு வழி தோன்றவில்லை, கட்டிப்போட்ட பெண்ணிடம் வில்லனைப் பேச வைத்துவிடுகிறோம். விவரத்தை அவன் யாரிடம் கட்டாயம் பேசியாக வேண்டுமோ அவர்களிடம் பேச வையுங்கள். சித்தப்பா பத்திரம் எழுதுகிறவரிடம் வருவார். சர்வே எண், நான்கு எல்லை, வாங்குகிறவர் பேர், எவ்வளவு தொகை என்று கேட்டுத்தானே எழுத முடியும்? அவர் சொல்லச் சொல்ல வாசகருக்கு எல்லாம் விளங்கிவிடும். கேட்காத கேள்வி ஒன்றுக்கு அவராகவே முந்திக்கொண்டு பதில் சொன்னால், அவர் மனசில் என்ன ஓடுகிறது என்பதும் தெரிந்துவிடும். "அண்ணன் மகளுக்கு எல்லாம் தெரியும், அவகிட்ட நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு விசிறியைப் பார்ப்பார்.

ஊர் தெரியாத வில்லன்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாஞ்சோலை மலையில் போய் ஒளிகிற வில்லன் மணிமுத்தாறு வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். ஒளிய வேண்டுமானால் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துக் கூட்டம் மேல். ராத்திரி வயலுக்குப் போய் எல்லைக்கல்லைப் பிடுங்கி நடுகிற வில்லனுக்கும் இரண்டு கஷ்டம் உண்டு. அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள், ஆடு மேய்க்கிற கீதாரி அங்கேயேதான் படுத்திருப்பார், நாயும் இருக்கும். அதைத் தாண்டிக் கல்லை நகர்த்தினாலும் வயலின் அளவு, சர்வே வரைபடமான புலப்படத்தில் இருக்கிறது. சர்வேயர் சங்கிலியோடு வந்தால் கல் பழைய இடத்துக்கே போய்விடும். கிராமத்துக்குள் புதிதாக நுழைகிற கூலி ஆள் டீக்கடையைத் தாண்டுவதற்குள் "எந்த ஊரு, யாரு வீட்டுக்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கிறவன்தான் விவரமான வில்லன்.

வில்லனின் பக்கங்களை மட்டும் வாசித்தல்

எழுதி முடித்ததும் வில்லன் வருகிற பக்கங்களை மட்டும் தனியே உருவி, கதாநாயகியை மறந்துவிட்டு வாசியுங்கள். அதுவே ஒரு முழுக்கதையாக இருக்க வேண்டும். அந்தக் கதையில் அவர்தான் நியாயமானவர். சித்தப்பா பக்கம் நின்று பார்த்தால்: அண்ணன் வேலைக்கு வெளியூர் போனார், ஊரிலேயே இருந்து பிசானம், கார் என்று இரண்டு போக நெல்லுக்கும் உழுதது இவர். வாய்க்கால் தகராறில் அடிபட்டதும் இவர். ஆச்சியின் மருந்துச் செலவும் இவருடையது. முழு நிலமும் தனக்கே வர வேண்டியது என்று அவர் மனசார நம்புகிறார். இதை எழுதும்போது உங்களுக்கே அவர் மேல் கொஞ்சம் இரக்கம் வர வேண்டும். வராவிட்டால் அவர் இன்னும் ஆளாக உருவாகவில்லை.

அப்படி வாசித்தபோது தம்பியின் கதையில் ஒரு ஓட்டை அகப்பட்டது. இவ்வளவு ஜாக்கிரதையான மனுஷர் பட்டா மாறுவதற்கு முன்னாலேயே ஏன் கைநீட்டி அட்வான்ஸ் வாங்கினார்? வாங்கியதை ஏன் உடனே செலவழித்தார்? அவர் மகளுக்குத் தை மாதம் முகூர்த்தம் குறித்தாயிற்று, நகைக்கடையில் பாக்கி நிற்கிறது என்று வைத்தோம். இப்போது அந்த அவசரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. உயில் வெளியே வந்து, பேத்தி பவரை ரத்துசெய்து பதிந்த பிறகு, சித்தப்பாவை நெருக்க வருவது போலீஸ் இல்லை, அட்வான்ஸ் கொடுத்தவர். அவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, கல்யாண வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டே மரியாதையாகப் பணத்தைக் கேட்கிறார்.

அதோடு சித்தப்பா ஓய்ந்துவிட மாட்டார். பதிந்த உயிலாக இருந்தாலும் வழக்கு என்று வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் ஏறி, ஆச்சி கைநாட்டு வைத்ததைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். சட்டம் தெரிந்த வக்கீல் அவரிடம் அதைத்தான் முதலில் சொல்வார். சாட்சிகள் இரண்டு பேர்: பக்கத்து வீட்டு மதினி, அவளுடைய தம்பி. இருவரில் யாரைச் சித்தப்பா முதலில் போய்ப் பார்ப்பார், கையில் என்ன கொண்டு போவார் என்பதைத்தான் தம்பி இப்போது எழுதிக்கொண்டிருக்கிறான்.